அற்புதம்மாளின் தலையசைப்பு

டாக்டர் அதுவரைக்கும் மலாயில்தான் பேசிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயிற்றா, படுக்கும்போது எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கெல்லாம் அற்புதம்மாளே பதில் சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, முதலில் மலாய்க்காரர்களோடும் பிறகு இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களோடும் சேர்ந்து கொழுந்து எடுத்தவள். மலாய் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பிறகு டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கரேனைப் பார்த்து இங்கிலீஷுக்கு மாறினார்.

அற்புதம்மாள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், தனக்குத் தெரியக்கூடாது என்று பேசுகிறார்கள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் லைன், லீவு, மேனேஜர் அளவுதான். அதற்கு மேல் டாக்டர் பேச்சில் 'ஹார்ட்' என்றும் 'ஸ்டாப்' என்றும் காதில் விழுந்தது. கரேனின் முகம் சிவந்து, மூக்கு நுனி நடுங்கியது. அவள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எவ்ரிதிங், எவ்ரிதிங்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று அற்புதம்மாள் கேட்டாள்.

"ஒன்னுமில்ல மம்மி. மருந்த மாத்துறாங்களாம்."

மருந்து வாங்கும் இடத்தில் கரேன் வரிசையில் நின்றபோது, ஸ்வெட்டரை உள்ளே விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அற்புதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே டாக்டரின் அறைக்குத் திரும்பிப் போனாள். ஸ்வெட்டர் அவள் மேலேயே இருந்தது. மகளிடம் என்ன கேட்டீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து சொன்னார். "ஆன்ட்டி, உங்கள் இதயம் ரொம்ப பலவீனமாகிவிட்டது. மருந்து கொஞ்ச காலம் தாங்கும். எப்போதாவது அது நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி ஓட வைக்கப் பார்ப்போம், தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் மூச்சு கொடுப்போம். அதெல்லாம் செய்யவா, வேண்டாமா என்று கேட்டேன். எல்லாம் செய்யுங்கள் என்றார் உங்கள் மகள்." பிறகு அவளையே கேட்டார். "ஆன்ட்டிக்கு எப்படி வேணும்?"

கோபத்தோடுதான் அற்புதம்மாள் உள்ளே போயிருந்தாள். கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை. அறுபத்தாறு வயசு வரைக்கும் எப்படி வேணும் என்று அவளை யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

"யோசிச்சு சொல்றேன்," என்றாள்.

"வீட்டிலும் பேசுங்கள்," என்றார் டாக்டர். "அதுதான் முக்கியம்."

கரேன் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினாள். கீழே டவுனில் பேங்க்கில் வேலை அவளுக்கு. அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களில் லீவு போட்டு, விடியலிலேயே மேலே வந்து கூட்டிப் போய், மறுபடியும் கொண்டு வந்து விட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவாள். வளைவுகளில் அற்புதம்மாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் பாஞ்சாலை வந்தாள்.

பாஞ்சாலை கம்போங் ராஜாவில் பூப்பண்ணையில் வேலை பார்த்தவள். போன தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில். அவளுக்கும் இதே வியாதி. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்திருந்ததால், ரெண்டு பேரும் ஐஸ் தண்ணியைப் பற்றிப் பேசிப் பேசியே தாகத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். வாய்விட்டுச் சிரிக்கிறவள். ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். ஓடி வந்தார்கள். திரையை இழுத்தார்கள். திரை முழுசாக மூடவில்லை. நெஞ்சை அமுக்குகிற சத்தம் கேட்டது. என்னவோ முறிகிற மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. சட்டையைக் கத்தரித்துப் போட்டிருந்தார்கள். அவ்வளவு ஆட்களுக்கு நடுவே, சேலைத் தலைப்பைக் கூட விலக விடாத அந்தப் பெண்பிள்ளை, இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாமல் கிடந்தாள். பிறகு கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். என்ன ஆனாள் என்று கேட்டதற்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, காப்பாற்றத்தான் பார்த்தார்கள். அது அற்புதம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் திரையின் பிளவு வழியாகப் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு முடிவாகிவிட்டது. தனக்கு அது வேண்டாம். தன் கட்டில் போதும். வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே துணி இருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் அமல்தாஸ் அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து லோரி ஓட்டியவர். கம்போங் ராஜாவுக்கு மேலே, மலை இடுக்கில் இருக்கிற தோட்டம் அது. வேலை முடிந்த பிறகும் ஃபேக்டரி கேட்டில் காவலுக்கு ஜாகாவாக இருந்ததால் தோட்டம் கொடுத்த லைன் வீடு கையில் இருந்தது. பேச்சு குறைவு. கோபமும் குறைவு. கஷ்டமான பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அது ஒன்றுதான் அவரிடம் அவளுக்குப் பிடிக்காதது.

அன்று சாயங்காலம் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கீழ கொண்டு போயி குழாயெல்லாம் மாட்ட வேணாம். நெஞ்ச அமுக்க வேணாம். நான் இங்கயே இருந்துடுறேன்."

அமல்தாஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு. துணி எடுத்தியா?"

துணி மத்தியானமே எடுத்து மடித்து அவர் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி வெளியே போய், கொடிக்கம்பிக்குக் கீழே சும்மா நின்றார். அற்புதம்மாள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகிடம் என்ன சொல்ல முடியும்?

மகன் மார்கஸிடம் சொன்னபோது அவன் எழுந்து போகவில்லை, சத்தம் போட்டான். கம்போங் ராஜாவில் காய்கறியைப் பெட்டியில் அடுக்குகிற இடத்தில் சூப்பர்வைசர் அவன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பாவோடேயே இருந்தான்.

"என்னம்மா பேச்சு இது? நீங்க மூச்சு முட்டிக்கிட்டு கெடப்பீங்க, நான் பாத்துக்கிட்டு சும்மா நிக்கணுமா? ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டு போவலன்னு ஆளுங்க காறித் துப்ப மாட்டாங்க?"

"ஆளுங்களுக்காடா நான் சாவப் போறேன்?"

"சாவு கீவுன்னு பேசாதீங்க லா." அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அவள் கால் வீக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். குழி விழுந்தது. "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, போட்டேன் என்று அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

கரேனிடம் போனில்தான் பேச முடிந்தது.

"நான் டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன் மம்மி. நீங்க கவலப்படாதீங்க."

"எனக்குத்தானடி செய்யப் போறாங்க. என்னக் கேக்க வேணாமா?"

பின்னால் பேங்க்கில் நம்பர் கூப்பிடுகிற குரல் கேட்டது.

"மம்மி, நான் வேலைல இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

அப்புறம் பேசும்போது பேரப்பிள்ளையின் ஸ்கூலைப் பற்றிப் பேசினாள்.

தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு மாசத்துக்கொரு தடவை வருகிற ஃபாதரிடம், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதல் கேட்கலாமா என்றும் அற்புதம்மாள் வீட்டில் ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தாள். அதற்கு அமல்தாஸ் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "அதெல்லாம் இப்ப எதுக்கு? சாவப் போறவங்களுக்கு பூசுறது அது." வியாதிக்காரர்கள் யாரும் வாங்கலாம் என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். அமல்தாஸும் அன்று முன்வரிசையில்தான் இருந்தார். அவள் ஞாபகப்படுத்தவில்லை.

கடைசியில் அவள் வாய்விட்டுப் பேசியது கவர்மெண்ட் கிளினிக் மிஸ்ஸி அன்பரசியிடம். ரத்தம் எடுக்க, எடை பார்க்க என்று அடிக்கடி போகிற இடம். அன்பரசி நர்ஸ் வேலைக்கு வந்து பல வருஷம். யாருடைய பேச்சையும் பாதியில் வெட்டமாட்டாள். அற்புதம்மாள் சொன்னதையெல்லாம் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க சொல்றதுல தப்பே இல்ல ஆன்ட்டி. நெறைய பேரு அப்படித்தான் கேக்குறாங்க."

"நானே எழுதிக் குடுத்துட்டா ஆவாதா?"

"கார்ட்ல நான் குறிச்சு வைக்கிறேன். ஆனா உங்க வாய் பேசுற வரைக்கும்தான் உங்க பேச்சு. பேச முடியாமப் போச்சுன்னா வீட்டு ஆளுங்களத்தான் பாப்பாங்க. அவுங்க அழுதுகிட்டு நின்னா எந்த டாக்டருக்கும் மனசு கேக்காது. அங்கிள ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. நான் சொல்றேன். குழாய் வேணாம்னா அப்படியே முட்டிச் சாவ விட்டுட மாட்டாங்கன்னும் சொல்றேன். மூச்சுத் தெணறல அடக்க மருந்து இருக்கு."

அடுத்த தடவை அமல்தாஸ் வந்தார். கிளினிக் கேட் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். காடியை ஓரமாக நிறுத்திவிட்டு, "உள்ள ஒரே கூட்டம். நான் இங்கயே இருக்கேன்," என்றார். உள்ளே நாலே பேர்தான் இருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அது அவருக்கும் தெரிந்தது. அன்பரசி வெளியே வந்து காடிப் பக்கம் நடந்தபோது, அவர் காதில் போனை வைத்துக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

இதற்கு நடுவே புது மருந்து வேலை செய்தது. அற்புதம்மாளுக்கு மூச்சு சுலபமாக வந்தது. கால் வற்றி, பழைய செருப்பு மறுபடியும் பொருந்தியது. சமையலறையில் நின்று ரசம் வைத்தாள். லைன் கோடி வரைக்கும் நடந்துபோய், புதுசாக வந்த நேபாளத்துப் பெண்ணின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். எதிர் மலையில் மெஷின் பிடித்து கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று அவள் மனசு தானாக யோசித்தது. யோசித்த பிறகு வெட்கமாக இருந்தது. போகத் தயாராக இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இப்போது சேலை எடுக்கிறாளாம். நல்லா இருக்கிற நாளில் சாவைப் பற்றிப் பேச அவளுக்கே பிடிக்கவில்லை. முடியாத நாளில் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்படியே மாசங்கள் போயின.

அமல்தாஸ் அந்த நாட்களில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். "பாத்தியா, நீதான் என்னென்னமோ பேசுன," என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிச் சொன்னது.

ஸ்கூல் லீவு விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் அது வந்தது. ஏன் அன்றைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை தவறவில்லை, உப்பும் சேர்க்கவில்லை. எழுந்து முகம் கழுவப் போனவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே இழுத்த காற்று பாதியிலேயே நின்றது. நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. அமல்தாஸ் வந்து பார்க்கும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மார்கஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வரும், ஆனால் நேரமாகும் என்றார்கள். அவன் காத்திருக்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்து தன் காடியின் பின்சீட்டில் உட்கார வைத்தான். அமல்தாஸ் பக்கத்தில் ஏறி அவளைத் தோளில் தாங்கிக்கொண்டார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஒரே ரோடுதான். கோலா தெர்லா வரைக்கும் பறந்தான். கியா பார்ம் ஏற்றம் தொடங்கியதும் முன்னால் போன வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

லீவு நாள் நெரிசல். மலை முழுக்கக் கீழே இருந்து வந்த காடிகள், டூர் பஸ்கள். ரெண்டு பக்கமும் ஸ்ட்ராபெரி கடைகள், அவித்த சோளத்தின் ஆவி, ஸ்ட்ராபெரி மாதிரியே தைத்த தலையணைகள் கயிற்றில் தொங்கின. மார்கஸ் ஹார்னை அமுக்கிப் பிடித்தான். முன்னால் இருந்தவர்களுக்கும் நகர இடமில்லை. கதவைத் திறந்து இறங்கி ஓடினான். பஸ் டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டான். அந்த மனிதர் பஸ்ஸை ஓர் அடி ஓரம் கட்டினார். அந்த ஓர் அடியில் ஒன்றும் நுழைய முடியவில்லை. மார்கஸ் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அற்புதம்மாள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சை இழுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சிவப்புக் குல்லா போட்ட ஒரு சின்னப் பெண் சோளத்தைக் கடித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். அவளுடைய அம்மா வந்து குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். குழந்தைகள் பார்க்கக்கூடாத காட்சியாகிவிட்டோம் என்று அற்புதம்மாளுக்கு எங்கோ தூரத்தில் உறைத்தது.

"திருப்பு," என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். "வீட்டுக்கு... திருப்பு."

"என்னப்பா சொல்றாங்க?"

அமல்தாஸ் அவள் வாயருகே காதை வைத்திருந்தார். இவ்வளவு நாள் கேட்காமல் ஓடியவருக்கு அந்தக் காடிக்குள் ஓட இடமில்லை.

"வீட்டுக்குத் திருப்பச் சொல்றா."

"எங்கப்பா திருப்புறது? முன்னாடி பஸ்ஸு, பின்னாடி வேனு." மார்கஸ் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தான். "எடமிருந்தாலும் திருப்ப மாட்டேன்."

அமல்தாஸ் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு போலீஸ்காரர் மோட்டாரில் வந்து, எதிர்ப்பக்கத்தை நிறுத்தி, வழி பண்ணிக் கொடுக்கும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டினார்கள். காற்று பலமாக வந்து மோதியது. உள்ளே போக இடமில்லாமல் அது திரும்பியது. ஓர் இளம் டாக்டர் குனிந்து, மலாயில், நிதானமாகச் சொன்னார். மாஸ்க் போதவில்லை. குழாய் போட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போடட்டுமா ஆன்ட்டி?

அற்புதம்மாள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

டாக்டர் நிமிர்ந்து அமல்தாஸைப் பார்த்தார். அமல்தாஸ் மார்கஸைப் பார்த்தார். மார்கஸின் போனில் கரேன் இருந்தாள். கீழே இருந்து காடியில் வந்துகொண்டே, அழுதுகொண்டே, எல்லாம் செய்யுங்கள் என்று அவள் இங்கிலீஷில் சொன்னது அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் நல்ல மனிதர். மறுபடியும் குனிந்தார். நோயாளிக்கு நினைவு இருக்கும்போது அவளைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை கேட்டார்.

அதற்குள் என்ன ஆனது என்று பிறகு எத்தனை தடவை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. தலையைத் தண்ணிக்குள் முக்கி யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. அறை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வீடு வேண்டாம், கட்டில் வேண்டாம், மேலே துணி வேண்டாம். பாஞ்சாலையின் ஞாபகமே இல்லை. காற்று வேண்டும். யார் கொடுத்தாலும் சரி, எப்படிக் கொடுத்தாலும் சரி.

தலை மேலும் கீழும் அசைந்தது.

கண் விழித்தபோது எத்தனையாவது நாள் என்று தெரியவில்லை. தொண்டையில் குழாய் இருந்தது. இழுத்துவிடக்கூடாது என்று கைகளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நாக்கு வறண்டு அண்ணத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் என்று கேட்க வழியில்லை. மூக்கு அரித்தது, சொறிந்துகொள்ள முடியவில்லை. அந்த அரிப்புக்காகத்தான் அவள் முதலில் அழுதாள். கரேன் குனிந்து கண்ணீரைத் துடைத்து, "பாத்தீங்களா மம்மி, காப்பாத்திட்டாங்க," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சின்ன வயசில் காணாமல் போய்க் கிடைத்தபோது கரேனுக்கு இருந்த முகம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அற்புதம்மாளால் கோபப்பட முடியவில்லை. அன்பு காட்டுகிறவளிடம் எப்படித் தப்பிப்பது?

குழாயை எடுத்த பிறகு குரல் கரகரவென்று உடைந்து வந்தது. உடைந்த குரலிலேயே கேட்டாள்.

"வேணாம்னு சொன்னேனே. ஏன் போட்டீங்க?"

"நீங்களேதான் தலையாட்டினீங்க மம்மி. டாக்டர் கேட்டாரு, நீங்க ஆமான்னு ஆட்டினீங்க. டாடி பாத்தாரு, மார்கஸ் பாத்தான்."

அற்புதம்மாள் அமல்தாஸைப் பார்த்தாள். அவர் கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஞாபகம் இருந்தது. மறுக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தது பழைய அற்புதம்மாள் இல்லை. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் போக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் எந்நேரமும் இரைந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று மார்கஸ் ஒரு சிலிண்டரும் வாங்கி மூலையில் வைத்தான். அமல்தாஸ் ஜாகா வேலையை விட்டார். வீடு இருக்குமா என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, இப்போதைக்கு இருங்கள் என்றாராம். அவரே அவளைக் குளிப்பாட்டினார். கை கொஞ்சம் முரட்டுக் கை. லோரி கழுவுகிற மாதிரி கழுவுகிறீர்கள் என்று அவள் சொன்னபோது அவர் சிரித்தார். அவள் மேலே ஈரத் துண்டைப் போர்த்தி, மறைத்து மறைத்துத்தான் குளிப்பாட்டினார். அவளாக எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம் மார்கஸ் வேலைக்குப் போயிருந்தான். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிர் மலையும் தேயிலையும் ஒன்றும் தெரியவில்லை. அமல்தாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவள் கால் விரல்களைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அற்புதம்."

"ம்."

"அடுத்த தடவ நான் என்ன சொல்லட்டும்?"

அவள் கண்ணைத் திறந்தாள். இந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை மாசம் இந்த மனிதர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எதிரே முகம் இருந்தது. எழுந்து போகப் போவதில்லை என்கிற முகம். அவர் கை அவள் காலை விடவில்லை.

வேணாம்னு சொல்லுங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதோடு சேர்ந்து அந்த ஆஸ்பத்திரி அறையும் வந்தது, அந்தத் தண்ணிக்குள் முக்கிப் பிடித்த மாதிரி இருந்த நேரமும் வந்தது. அன்றைக்குத் தலையாட்டியவளும் தான்தான். அவளை இன்றைக்கு இங்கே படுத்துக்கொண்டு எப்படிக் கட்டிப்போடுவது? மறுபடியும் அவள் காற்று கேட்டால் இந்த மனிதர் பாவம் என்ன செய்வார்?

"எனக்குத் தெரியலங்க," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குத் தலையாட்டினியே. அது நெசமாவே ஆட்டினதா?"

"நெசந்தான்."

"அப்ப அதுக்கு முன்ன, துணி எடுத்தியான்னு கேட்டனே, அன்னைக்கு நீ சொன்னது?"

"அதுவும் நெசந்தான்."

மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அமல்தாஸ் கண்ணைத் துடைக்கவில்லை. தண்ணி தாடையிலிருந்து சொட்டி அவள் கால் மேல் விழுந்தது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கையை நீட்டி அவரைத் தொட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு தூரம் எழுந்து உட்கார உடம்பில் வலு இல்லை.

"மூச்சு முட்டுறதுதாங்க பயமா இருக்கு," என்றாள். "செத்துப்போறது இல்ல. அந்த முட்டுறது. அத மட்டும் யாராச்சும் நிறுத்திட்டாங்கன்னா நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனைக்கிறேன். அதுவும் நெனைக்கிறேன் அவ்வளவுதான்."

"அதுக்கு மருந்து இருக்குன்னு மிஸ்ஸி சொன்னாங்கன்னு சொன்னியே."

"சொன்னாங்க. நீங்கதான் உள்ள வரல."

"திங்கக்கெழம போவோம். நான் உள்ள வர்றேன்."

"போயி என்ன சொல்றது? பிள்ளைங்க வேற ஒத்துக்கணும்."

அமல்தாஸ் போர்வையை அவள் கால் மேல் இழுத்து விட்டார்.

"தெரியலன்னே சொல்லுவோம்," என்றார். "ரெண்டு பேருக்கும் தெரியல, பயமா இருக்குன்னு சொல்லுவோம். வேற என்ன சொல்றது."

அவள் சரி என்றாள். பேசியதிலேயே மூச்சு இளைத்தது. அவர் எழுந்து தலையணையை உயர்த்தி, அவளைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். திங்கட்கிழமைக்கு முன்னால், ரோடு அடைத்துக்கொள்கிற இன்னொரு சனிக்கிழமை இருந்தது. மழை தூறத் தொடங்கியது. கீழே ரோட்டில் டூர் பஸ் ஒன்று கியர் மாற்றி மேலே ஏறுகிற சத்தம் ரெண்டு பேருக்கும் கேட்டது.